டிரங்குப் பெட்டியில் இருக்கும் மன்றம்

வாசகி ஒருவரின் கடிதம் (ஊர், பெயர் விவரங்களை நீக்கியிருக்கிறேன்):

"எங்கள் ஊர் 2021 வரை பேரூராட்சி, இப்போது நகராட்சி. 1987-ல் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு மன்றம் ஆரம்பித்துப் பதிவும் செய்திருக்கிறார்கள். ஒரு படிப்பகம், அதை ஒட்டி இறகுப்பந்துத் திடல், பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி, கோடையில் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு என்று இன்றுவரை நடந்து வருகிறது. 19 வருடமாக என் கணவரின் பெரியப்பாதான் தலைவர். போன பொங்கலன்று எல்லோரும் கைதட்டி என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பொறுப்புக்கு வந்த பிறகுதான் தெரிகிறது, 2009-க்குப் பின் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு தாள்கூடப் போகவில்லை. கணக்கு, மினிட் புத்தகம் எல்லாம் பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். கேட்டால், 'என்கிட்டயே கணக்கா?' என்று முகம் வாடிப்போகிறார். இதற்கு நடுவில் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. படிப்பகக் கட்டடம் நகராட்சி இடத்தில் இருக்கிறது, எந்த அனுமதியின் பேரில் கட்டப்பட்டது என்று 15 நாளுக்குள் ஆவணம் காட்ட வேண்டுமாம். முகப்பில் 1988 என்று சிமெண்டில் எழுதியிருப்பதைத் தவிர எங்களிடம் ஒன்றும் இல்லை. மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் 140 பேர் இருக்கிறார்கள். அதில் உள்ள இளைஞர்கள், 'பழசை விடுங்க அக்கா, புதுசா ஒரு சங்கம் பதிவு பண்ணிடலாம்' என்கிறார்கள். எனக்குப் பெரியப்பாவையும் விட முடியவில்லை, படிப்பகத்தையும் விட முடியவில்லை. என்ன செய்யட்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டீசிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை எல்லாம் ஒரு மாதம் பொறுக்கும், இதற்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆவணம் கிடைத்த பிறகு பதில் எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். பதினைந்தாவது நாள் தாண்டியும் பதில் இல்லாவிட்டால், 'வாய்ப்பு அளித்தும் விளக்கம் தரவில்லை' என்று கோப்பில் ஒரு வரி ஏறிவிடும். அந்த ஒரு வரியைப் பின்னால் அழிக்கப் படாத பாடு பட வேண்டும். எனவே இந்த வாரமே மன்றத்தின் பெயரில், தலைவரும் நீங்களும் கையெழுத்திட்டு, நகராட்சி ஆணையருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"தங்கள் நோட்டீஸ் கிடைக்கப்பெற்றோம். எங்கள் மன்றம் 1987 முதல் பதிவு பெற்று இயங்கி வருகிறது. மேற்படி கட்டடம் 1988 முதல் பொதுமக்களுக்கான படிப்பகமாகப் பயன்பட்டு வருகிறது. அக்காலத்துப் பேரூராட்சி மன்றத் தீர்மானங்கள் தங்கள் அலுவலக ஆவணங்களில் உள்ளன. அவற்றின் நகல் கோரித் தனியே மனுச் செய்துள்ளோம். நகல் கிடைத்ததும் முழு விளக்கம் அளிக்க 60 நாள் அவகாசம் தந்தும், எங்களை நேரில் விசாரித்தும் முடிவெடுக்கும்படி வேண்டுகிறோம்."

இரண்டு சொற்களை மட்டும் கவனமாகத் தவிர்த்துவிடுங்கள். கடிதத்தில் எங்கேயும் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் வரக்கூடாது. 'எங்கள் சொந்த இடம்' என்றும் எழுதக்கூடாது. முதலாவது நீங்களே உங்கள் மேல் போட்டுக்கொள்ளும் குற்றச்சாட்டு ஆகிவிடும். இரண்டாவதை உங்களால் நிரூபிக்க முடியாது. கடிதத்தை அலுவலகத்தில் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கடிதத்தில் சொன்னபடி, தகவல் உரிமை மனுவையும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள்.

அந்த மனுவில் என்ன கேட்பது என்பதற்கு ஊரின் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1986-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1996-ல்தான். நடுவில் 1991 முதல், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதில் அரசு அமர்த்திய தனி அலுவலர்கள் நிர்வாகம். பிறகு நகர்ப்புறத்தில் 2016-லிருந்து 2022 வரை மறுபடியும் தனி அலுவலர்கள். உங்கள் கட்டடத்தின் முகப்பில் இருக்கும் 1988, தேர்ந்தெடுக்கப்பட்ட பேரூராட்சி மன்றம் இருந்த காலம். அப்படியானால் வார்டு உறுப்பினர்கள் உட்கார்ந்து பேசித் தீர்மானம் போட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஊர்ப் பணத்தில், ஊர் இடத்தில், அடிக்கல் நாட்டிக் கட்டிய படிப்பகம் பேரூராட்சிக்குத் தெரியாமல் எழும்பியிருக்காது. எனவே, '1987 ஜனவரி முதல் 1989 டிசம்பர் வரையிலான பேரூராட்சி மன்றக் கூட்டத் தீர்மானப் பதிவேட்டைப் பார்வையிடவும், படிப்பகம் தொடர்பான தீர்மானங்களின் நகல் பெறவும்' என்று கேளுங்கள். 'எங்கள் கட்டட அனுமதி ஆவணம் தரவும்' என்று கேட்டால், 'கோப்பு காணப்படவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட இடம் உண்டு. பதிவேட்டைப் பார்வையிடக் கேட்டால் புத்தகத்தை எடுத்து வைத்தே ஆக வேண்டும். மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

பார்வையிடப் போகும்போது பெரியப்பாவையோ, அந்தக் காலத்து ஆள் வேறு யாரையோ கூட அழைத்துச் செல்லுங்கள். அன்றைய கையெழுத்தும், 'மேலத்தெரு பழனியாண்டி வீட்டுக்கு வடபுறம்' என்பதுபோல எழுதியிருக்கும் எல்லைகளும் உங்களுக்குப் புரியாது. அவர்களுக்குப் பார்த்ததுமே புரியும்.

இந்த நோட்டீசைப் பகையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021-ல் முசிறி, லால்குடி, வடலூர், மானாமதுரை, சுரண்டை என்று 28 பேரூராட்சிகள் நகராட்சிகளாயின. தரம் உயர்ந்த ஊரில் புதிதாக வரும் ஆணையருக்கு முன்னால் இருக்கும் முதல் வேலைகளில் ஒன்று, எந்தெந்தச் சொத்து நம்முடையது, அதில் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பது. பேரூராட்சியில் இருந்தவருக்கு வாய்மொழியாகத் தெரிந்த விஷயம், புதிதாக வந்தவருக்குத் தாளில் தெரிய வேண்டியிருக்கிறது. அவ்வளவில் முடிகிற நோட்டீஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதே வாரத்தில் இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். அந்த இடத்தின் புல எண்ணை (சர்வே எண்) கண்டுபிடித்து, வருவாய்த்துறையின் இணையதளத்தில் அ-பதிவேட்டு விவரத்தை எடுங்கள். ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று எழுதியிருக்கும் அரசுப் பதிவேடு அது. முடியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். அங்கே அந்த இடம் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். நத்தம் (குடியிருப்பு நிலம்) என்றோ, நகராட்சிக்குரிய வேறு பொது இடம் என்றோ இருந்தால் பேசுவதற்கு வழி இருக்கிறது. குளம், வாய்க்கால், ஏரி என்று நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால், 1988 தீர்மானம் கையில் கிடைத்தாலும் அது காப்பாற்றாது. நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்கள் மிகக் கண்டிப்பாக இருக்கின்றன. அப்படி இருந்தால் என்னிடம் கேட்க வேண்டாம், உடனே ஒரு நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள். நான் ஆடிட்டர், எனக்குத் தெரிந்த எல்லை அதுவரைதான்.

மின் இணைப்பு மன்றத்தின் பெயரில் இருக்கிறதா, வீட்டு வரி கட்டிய ரசீது ஏதாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். மின் அட்டையோ வரி ரசீதோ சொந்தம் கொண்டாட உதவாது. ஆனால் இத்தனை வருடம் ஒளிவுமறைவில்லாமல், பேரூராட்சிக்குத் தெரிந்தே, படிப்பகமாகவே இருந்தது என்று காட்ட உதவும்.

இனி, புதுச் சங்கம்.

வேண்டாம் என்பதே என் பதில். இளைஞர்கள் சொல்வதில் உள்ள ஆசை எனக்குப் புரிகிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் கூடி, நோக்கக் குறிப்பும் துணை விதிகளும் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்தால் புதுச் சங்கம் வந்துவிடும். பழைய 15 வருடக் குப்பையைக் கூட்டுவதைவிட இது சுலபம் என்று தோன்றும். ஆனால் நோட்டீஸ் வந்திருப்பது பழைய மன்றத்துக்கு. 1988 தீர்மானம் ஒன்று இருந்தால் அதுவும் அதன் பெயரில்தான் இருக்கும். மின் இணைப்பும் வங்கிக் கணக்கும் அப்படியே. நேற்றுப் பதிவான சங்கம் ஆணையர் முன்னால் போய் நின்றால், அந்தக் கட்டடத்தில் அதற்கு ஒரு செங்கல் பாத்தியதைகூடக் கிடையாது. படிப்பகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டு, அதைக் கேட்பாரற்ற கட்டடமாக நீங்களே மாற்றிவிடுவீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே விலை மதிப்பானது அந்த 1987 பதிவு எண்தான்.

அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொடர்ந்து ஆண்டறிக்கை தராத சங்கங்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போய், எண்ணைச் சொல்லி, கோப்பைப் பார்த்து, கடைசியாக என்ன தாக்கல் ஆகியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, சான்றிட்ட நகல்கள் கேளுங்கள். பதிவுச் சான்று, துணை விதிகள், கடைசியாகக் கொடுத்த படிவம் 7 ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். படிவம் 7 என்பது நிர்வாகிகள் மாற்றத்தைத் தெரிவிப்பது. இந்தச் சட்டத்தில் செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. அதே ஆட்களை மறுபடி தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்ந்தெடுத்ததைத் தெரிவிக்க வேண்டும். உங்கள் பெரியப்பா 19 வருடமாகத் தலைவராக இருப்பது தவறில்லை. அது தாளில் 2009-லேயே நின்றுபோனதுதான் சிக்கல்.

பெயர் நீக்கப்படாமல் இருந்தால், விடுபட்ட ஆண்டுகளைத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கோரும் மனுவோடு தாக்கல் செய்ய சட்டத்தில் இடம் இருக்கிறது. கட்டணமும் அபராதமும் சேர்ந்து கையைக் கடிக்கும். பல மாதம் அலைய வேண்டியும் வரும். ஆனால் முடிகிற காரியம்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. யாராவது உங்களிடம், 'பதினைந்து வருட மினிட்சையும் ஒரே ராத்திரியில் எழுதிவிடலாம்' என்று சொல்வார்கள். நிச்சயம் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி எழுதிய புத்தகங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. பதினைந்து வருடமும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே கையெழுத்தாக இருக்கும். ஒரு புத்தகத்தில், இறந்து மூன்று வருடம் ஆனவர் தீர்மானத்தை வழிமொழிந்திருந்தார். அது பொய் ஆவணம். கண்டுபிடிக்கப்பட்டால் செயலாளராகக் கையெழுத்திட்ட நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், யோசனை சொன்னவர் பக்கத்தில் இருக்க மாட்டார். 'இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை பொதுக்குழு முறையாகக் கூட்டப்படவில்லை, மன்றப் பணிகள் மட்டும் தொடர்ந்து நடந்தன' என்று பொதுக்குழுவில் உள்ளது உள்ளபடி ஒரு தீர்மானம் போட்டு, அதையே மனுவில் எழுதுங்கள்.

சரி, டிரங்குப் பெட்டிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது அந்த இடத்தில்தான்.

பல வருடம் முன்பு, வேறோர் ஊரில், ஒரு விளையாட்டு மன்றத்தின் கணக்கைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் செயலாளராக இருந்தவர் திடீரென்று இறந்துவிட்டார். கணக்கு என்று ஒன்றும் எழுதிவைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. மன்றப் பணத்தில்தான் மாடி எடுத்தார், மகள் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டார் என்றெல்லாம். அவருடைய மனைவி ஒரு பிஸ்கட் டின்னையும் இரண்டு மஞ்சள் பைகளையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, 'எல்லாத்தையும் பாத்துச் சொல்லுங்க' என்று சொன்னார். வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்தேன். சந்தா ரசீதுகளின் அடிக்கட்டைகள் ரப்பர் பேண்ட் இற்றுப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம், சிகரெட் அட்டையின் உட்புறம், பஸ் டிக்கெட்டின் பின்னால் எல்லாம் அவர் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். 'வாலிபால் 2, வலை 1, கையிலிருந்து.' 'மைக் செட் பாக்கி, கையிலிருந்து.' 'கோப்பை 11, பெயர் வெட்டுக் கூலி சேர்த்து, கையிலிருந்து.' வருடத்துக்கு வருடம் 'கையிலிருந்து' என்ற சொல் வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தபோது, மன்றம்தான் அவருக்கு நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தர வேண்டியிருந்தது. பொதுக்குழுவில் அதை வாசித்தேன். அந்த அம்மா பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் நடுவில் அந்த ஒன்றரை மாதம், அவரும் பிள்ளைகளும் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் இருந்தார்கள். அதற்கு என்னிடம் எந்தக் கணக்கும் இல்லை.

உங்கள் பெரியப்பாவிடம் கணக்கு கேட்பதை நினைத்தால் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வருகிறது. அவர் உயிரோடு, நினைவு தெளிவாக இருக்கும்போதே அந்தப் பெட்டி திறக்கப்பட வேண்டும். எந்த ரூபாய் எதற்குப் போனது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

எப்படிக் கேட்பது? வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் கேட்காதீர்கள். அங்கே 'கணக்கு' என்ற ஒரு சொல்லைப் போட்டாலே, 140 பேர் முன்னால் அவரை நிறுத்தியது போலாகிவிடும். இளைஞர்களைக் கூட்டிக்கொண்டும் போகாதீர்கள். அவர் வயதுக்காரர், மன்றம் ஆரம்பித்த ஏழெட்டுப் பேரில் இன்னும் இருப்பவர் ஒருவரோடு, உங்கள் கணவரையும் அழைத்துக்கொண்டு, ஒரு காலை வேளையில் வீட்டுக்குப் போங்கள். நோட்டீசை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். 'பெரியப்பா, படிப்பகத்துக்கு ஆபத்து வந்திருக்கு. 1988-ல் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். பெட்டியில ஏதாவது காகிதம் இருக்கா பாருங்க' என்று சொல்லுங்கள். இதில் பாசாங்கு ஒன்றும் வேண்டியதில்லை, நடப்பது அதுதானே. நோட்டீசுக்குப் பதில் அந்தப் பெட்டியில்தான் இருக்கக்கூடும். அடிக்கல் நாட்டு விழா அழைப்பிதழ், அப்போதைய பேரூராட்சித் தலைவர் நிற்கும் ஒரு புகைப்படம், நன்கொடை ரசீதின் அடிக்கட்டை, எது கிடைத்தாலும் அது ஆணையருக்குப் போகும் கோப்பில் சேரும்.

பெட்டி திறந்த பிறகு கணக்கு தானாக வரும். அவரைச் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். ஒரு நீளநோட்டு போதும். கடந்த மார்ச் 31 அன்று மன்றத்திடம் என்னென்ன இருந்தது என்று முதலில் எழுதுங்கள். கையிருப்பு, வங்கி இருப்பு, பெஞ்சு, அலமாரி, புத்தகம், வலைக்கம்பம் வரை. பிறகு பின்னோக்கி, ஆண்டு ஆண்டாக, வந்த சந்தா, நன்கொடை, செய்த செலவு. ரசீது இருந்தால் எண்ணைக் குறியுங்கள், இல்லாவிட்டால் 'ரசீது இல்லை, தலைவர் சொன்னபடி' என்று பக்கத்தில் எழுதுங்கள். கணக்கைத் தணிக்கை செய்பவர் அதைத் தன் அறிக்கையில் குறிப்பாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுவார். நாங்கள் பயப்படுவது ரசீது இல்லாத கணக்குக்கு இல்லை, எல்லா ரசீதும் புத்தம் புதிதாக இருக்கும் கணக்குக்குத்தான்.

அவர் தன் கையிலிருந்து போட்ட பணத்துக்கு ஒரு தனிப் பக்கம் வையுங்கள். கட்டாயம் இருக்கும். அதை நன்கொடையாக ஏற்பதா, கடனாகத் திருப்பித் தருவதா என்று அவரே முடிவு செய்யட்டும். எதுவானாலும் பொதுக்குழுவில் தீர்மானமாக ஏற்றிவிடுங்கள். முடிந்த ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து வாங்குங்கள்.

உண்மையிலேயே பணம் குறைந்தால்? கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் மனதில் அந்தக் கேள்வி இருக்கும். முதலில் அவருக்கு அவகாசம் கொடுத்து, செயற்குழுவுக்குள் பேசுங்கள். அதற்கும் வழி வராவிட்டால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மனுக் கொடுத்தால் பதிவாளரே விசாரணை நடத்த சட்டத்தின் 36-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்ததில் சொல்கிறேன், டிரங்குப் பெட்டி வைத்துக்கொண்டு கூச்சப்படுகிறவர்களிடம் நான் பெரும்பாலும் கண்டது கணக்கு எழுதாத பழக்கத்தைத்தான். திருட்டை அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

பெட்டியில் பழைய பாஸ்புக் இருந்தால் தூக்கி வைத்துவிடாதீர்கள். பத்து வருடம் வரவு செலவே இல்லாத கணக்கின் பணம், ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். போனாலும் உங்கள் உரிமை போகாது. ரிசர்வ் வங்கியின் உத்கம் என்ற இணையதளத்தில் மன்றத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். பிறகு அந்த வங்கிக் கிளையில், புதிய நிர்வாகிகள் தீர்மானம், பதிவுச் சான்று, மன்றத்தின் பான் எண் ஆகியவற்றைக் கொடுத்து வட்டியோடு கேட்டுப் பெறலாம். இனிமேல் மன்றப் பணம் ஒரு ரூபாயானாலும் அந்தக் கணக்கில்தான் விழ வேண்டும். யாருடைய சொந்த ஜிபே எண்ணுக்கும் சந்தா வாங்காதீர்கள், உங்களுடையதும் சேர்த்து.

அடுத்தது உறுப்பினர் பதிவேடு. இதை நீங்கள் கடிதத்தில் கேட்கவே இல்லை, ஆனால் எனக்கு இதுதான் உறுத்துகிறது. வாட்ஸ்அப் குழுவில் 140 பேர் இருப்பது சரி, பதிவேட்டில் எத்தனை பேர்? 1987-ல் எழுதிய பெயர்களில் பாதிப் பேர் காலமாகியிருப்பார்கள். சிலர் ஊரை விட்டுப் போயிருப்பார்கள். பத்து வருடமாகத் திடலைக் கூட்டிக் கோடு போட்டு வலை கட்டும் பையன்கள், சட்டத்தின் கண்ணில் உறுப்பினர்களே இல்லை என்று தெரியவரும். உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கைதட்டிச் செயலாளர் ஆக்கியபோது யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்த பழைய மன்றப் பதிவேடுகளில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லாதவையே அதிகம். உறுப்பினராக இல்லாதவர் செயலாளராகக் கையெழுத்திட்டால், நோட்டீசுக்குக் கொடுத்த பதில் முதல் எல்லாமே கேள்விக்கு உள்ளாகும். அதனால்தான் முதல் கடிதத்திலேயே தலைவர் கையெழுத்தும் வேண்டும் என்றேன்.

துணை விதிகளில் உறுப்பினர் சேர்க்கை எப்படி என்று எழுதியிருக்கும். அதன்படி விண்ணப்பம், சந்தா, செயற்குழுத் தீர்மானம் என்று முறையாக இளைஞர்களைச் சேருங்கள். பெண்களையும் சேருங்கள், கோடை வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களை விட்டுவிட்டு இந்த மன்றம் யாருக்காக? புதுச் சங்கம் கேட்கிற பிள்ளைகளுக்கு வேண்டியது பொறுப்பும் மரியாதையும்தான். பதிவேட்டில் பெயரும், செயற்குழுவில் இரண்டு இடமும், கேஷ் புக் எழுதும் வேலையும் கொடுத்துப் பாருங்கள்.

பிறகு பொதுக்குழு. 21 நாள் முன்னதாக, பொருளைக் குறிப்பிட்டு, ஒவ்வோர் உறுப்பினருக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலும் போடலாம், அது கூடுதலாகத்தான். துணை விதிகளை மாற்ற வேண்டியிருந்தால், சிறப்புத் தீர்மானம் வேண்டும். வந்திருந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். கூட்டத்துக்குப் பெரியப்பாவே தலைமை தாங்கட்டும், கணக்கை அவரே வாசிக்கட்டும். தொண்டை ஒத்துழைக்காவிட்டால் பக்கத்தில் நின்று நீங்கள் வாசியுங்கள்.

நகராட்சியோடு உறவு நோட்டீசோடு முடிந்துவிடக் கூடாது. உங்கள் வார்டு கவுன்சிலர் யாராயிருந்தாலும் அவரை நேரில் பாருங்கள். 2022 தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. உங்கள் வார்டில் பெண் கவுன்சிலர் என்றால், வீட்டில் இருக்கும் ஆண்களிடம் மனுவைக் கொடுத்துவிட்டு வராமல் அவரிடமே பேசுங்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, நகர்ப்புறங்களில் முதல் தடவையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. ஊராட்சிகளில் கிராம சபை போல, இது நகரத்துக்கு. உங்கள் பகுதியில் அடுத்தது எப்போது என்று நகராட்சியில் கேட்டு, பத்துப் பேராவது போய், படிப்பகம் பற்றி எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆணையர் கோப்பில் உங்கள் விளக்கத்தோடு பகுதி மக்களின் கோரிக்கையும் சேர்ந்தால் கனம் வேறு.

கேட்கும்போது வெறும் 'விட்டுவிடுங்கள்' என்று கேட்காதீர்கள். இடம் நகராட்சியுடையதாகவே இருக்கட்டும், பராமரிக்கும் பொறுப்பை ஒப்பந்தமாக எழுதி எங்களிடம் கொடுங்கள் என்று கேளுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் பங்களிப்பாகக் கட்டினால் மீதியை அரசு போட்டுப் பணி நடக்கும். கூரையோ கழிப்பறையோ அதில் வருமா என்று பொறியாளர் பிரிவில் விசாரியுங்கள். இன்னொரு வழியும் உண்டு. ஊரில் ஒவ்வொருவரும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. உங்கள் படிப்பகத்தில் பகுதிநேர நூலகம் ஒன்று நடத்தக் கேட்டு அவர்களுக்கு மனுப் போடுங்கள். கிடைக்கக் காலம் ஆகலாம், ஆனால் அரசு நூலகம் நடக்கும் கட்டடத்துக்கு நோட்டீஸ் அனுப்புமுன் யாரும் இரண்டு தடவை யோசிப்பார்கள்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். இந்த வாரம் ஆணையருக்குக் கடிதம், தகவல் உரிமை மனு, அ-பதிவேடு ஆகிய மூன்றை மட்டும் முடியுங்கள். வரும் ஞாயிறு காலை பெரியப்பா வீடு. மாவட்டப் பதிவாளர் அலுவலகம் அதற்கடுத்த வாரம்.

அ-பதிவேட்டில் வகைப்பாடு என்ன என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். குளம் என்றோ வாய்க்கால் என்றோ இருந்தால் அன்றைக்கே எழுதுங்கள், வழக்கறிஞரிடம் என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று பட்டியல் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆடிட்டர்